காற்று போதவில்லையா? கம்ப்ரசர் சிறியதா, பழுதா என்று அறிகுறியை வைத்தே கண்டறியும் வழி

வீட்டுப் பட்டறையில் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "காற்று போதவில்லை, இதைவிடப் பெரியது வாங்கிவிடலாமா?" இந்தக் கேள்வியோடு வந்த இயந்திரங்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பலருக்குப் புதிய கம்ப்ரசர் தேவையே இல்லை. தூசி அடைத்த ஃபில்டரோ, தேய்ந்த ஓ-ரிங்கோ, மெலிந்த ஹோஸோதான் காற்றைத் தின்றுகொண்டிருக்கும். உண்மையிலேயே பெரிய இயந்திரம் தேவைப்படுகிறவர்களோ பம்ப்பைக் கவனிக்காமல் பெரிய டேங்காகப் பார்த்து வாங்கிவிட்டு, அதே குறையோடு மறுபடியும் வந்து நிற்பார்கள். இந்த இரண்டு வீண்செலவையும் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன். வீடுகளில் அதிகம் இருக்கும் பிஸ்டன் வகைக் கம்ப்ரசரை மனதில் வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்த நட்டைத் தொடுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேங்கில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானி முள் பூஜ்யத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அழுத்தம் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த ஓர் அளவு

கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். டேங்கின் அடியில் இருக்கும் டிரெய்ன் காக் என்ற வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு. அது சீக்கிரம் நிரம்பி, இயந்திரம் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். டிரெய்ன் காக்கையும் டேங்கின் வெளிவாயில் வால்வையும் மூடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு, முள் 6 பாரைத் தொடும்போது ஸ்டாப்வாட்சைத் தட்டி, 8 பாரில் நிறுத்துங்கள். உங்கள் இயந்திரம் 8 பாருக்கு முன்பே நின்றுவிடும் வகையானால் 4 முதல் 6 வரை எடுங்கள். அழுத்தமானி பிஎஸ்ஐ மட்டும் காட்டினால், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

கணக்கு எளிது. டேங்கின் லிட்டர் அளவை, ஏறிய பார் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வந்ததை வினாடிகளால் வகுத்து 60-ஆல் பெருக்கினால், உங்கள் கம்ப்ரசர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தருகிறது என்பது தெரிந்துவிடும். அதை 28.3-ஆல் வகுத்தால் சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது.

ஓர் எடுத்துக்காட்டு. 2 எச்பி மோட்டார், 50 லிட்டர் டேங்க், இயந்திரத்தின் விவரப் பலகையில் 8 சிஎஃப்எம் என்று அச்சிட்டிருக்கிறது. 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற 40 வினாடி ஆனது. 50 × 2 ÷ 40 × 60 = 150 லிட்டர், அதாவது 5.3 சிஎஃப்எம். அச்சிட்ட 8 எங்கே போயிற்று என்று திகைக்க வேண்டாம். பலகையில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் அசையும் கொள்ளளவைக் கொண்டு போட்ட கணக்கு. கையில் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் இயந்திரம் ஆரோக்கியமாகவே இருக்கிறது. காற்றை ஒரே கட்டத்தில் அழுத்தும் சிறிய ஒற்றை நிலை கம்ப்ரசர்களில் 1 எச்பிக்குச் சுமார் 2.5 முதல் 3.5 சிஎஃப்எம் எதிர்பார்க்கலாம்.

அதே இயந்திரம் 80 வினாடி எடுத்துக்கொண்டால் 2.65 சிஎஃப்எம்தான் வருகிறது. அது சிறிய கம்ப்ரசர் அல்ல, பழுதான கம்ப்ரசர். இந்த எண்ணை டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதி, தேதியும் போட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு இதே சோதனையைச் செய்யும்போது அதன் அருமை தெரியும்.

## அறிகுறி 1: கருவி நன்றாகத் தொடங்குகிறது, அரை நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது

அதிகம் கேட்கும் குறை இதுதான். தேய்க்கும் சாண்டர், உலோகத்தைச் செதுக்கும் டை கிரைண்டர், பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன் மூன்றும் முன்னணியில் நிற்கும்.

### அளவில் எண் குறைவாக வந்தால்

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி நேரம் எடுங்கள். நேரம் கணிசமாகக் குறைந்தால் குற்றவாளி அதுவே. மரத்தூள் பறக்கும் அறையில் ஃபில்டர் சில வாரங்களிலேயே கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது இந்தச் சோதனைக்கு மட்டுமே. அதுவும் தூசி அடங்கிய நேரத்தில் செய்யுங்கள்.

அடுத்தது பெல்ட். பெல்ட் உள்ள வகையானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு புல்லிக்கு நடுவே விரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ 1 செ.மீ. அமிழ்ந்தால் சரி. துவண்டு தொங்கினாலோ, பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளத்தாலோ பெல்ட் வழுக்குகிறது. இழுத்துக் கட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

மூன்றாவது சோதனைக்கு உள்ளங்கை போதும். ஃபில்டரைக் கழற்றி, ஓடும் இயந்திரத்தின் காற்று உறிஞ்சும் துளைக்கு ஓரங்குல தூரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். கை உள்ளே இழுக்கப்படுவதுபோல மட்டும் தோன்ற வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் வெதுவெதுப்பான காற்று 'புஸ் புஸ்' என்று திரும்பக் கையில் அடித்தால், உள்வாங்கும் ரீட் வால்வ் உடைந்திருக்கிறது அல்லது கரி படிந்து மூடாமல் நிற்கிறது. மெல்லிய எஃகுத் தகடுதான் அது. ஹெட்டைத் திறந்து தகட்டையும் கேஸ்கெட்டையும் மாற்றினால் இயந்திரம் பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஸ்பானர் பிடித்துப் பழகியவர் தாமே செய்யலாம். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள முறுக்களவுக்குச் சீராக இறுக்க வேண்டும். அதற்கான டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை, எண்ணெய் நிரப்பும் துளையைத் திறந்தால் காற்று சீறி வருகிறது என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் பழுதுபார்க்கும் கூலியையும் உதிரிபாக விலையையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சின்ன இயந்திரமானால் புது பம்ப் ஹெட்டை முழுதாக வாங்கி மாட்டுவது சில நேரம் மலிவாக முடியும்.

### அளவில் எண் சரியாக வந்தால்

அப்படியானால் இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அதன் தெம்புக்கு மிஞ்சிய வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மேலே சொன்ன 150 லிட்டர் தரும் கம்ப்ரசரில் 10 சிஎஃப்எம் குடிக்கும் சாண்டரை மாட்டிப் பாருங்கள். சாண்டருக்கு நிமிடத்துக்கு 283 லிட்டர் வேண்டும். டேங்க் 8 பாரில் நிறைந்திருக்கும்போது மோட்டார் ஓய்வில் இருக்கும். 8-இலிருந்து 6 பார் வரை டேங்கில் இருப்பது 100 லிட்டர். அது 21 வினாடியில் தீர்ந்துவிடும். அப்போதுதான் மோட்டார் ஓடத் தொடங்கும். அது தரும் 150 போக, நிமிடத்துக்கு 133 லிட்டர் பற்றாக்குறை. அடுத்த 22 வினாடியில் அழுத்தம் ஏறத்தாழ 5 பாருக்கு இறங்கிவிடும். 'அரை நிமிடத்தில் சோர்கிறது' என்று நீங்கள் சொன்னது ஏறத்தாழச் சரியான கணக்கு.

இங்கேதான் பலரும் தவறான முடிவெடுக்கிறார்கள். டேங்கை 100 லிட்டராக்கினால் என்ன ஆகும்? அந்த 43 வினாடி 86 வினாடியாகும். அதற்குமேல் அதே சோர்வுதான். டேங்க் மறுபடி நிரம்பக் காத்திருக்கும் நேரமும் இரட்டிப்பாகும். டேங்க் காற்றைச் சேமித்துவைக்குமே தவிர உண்டாக்காது. ஆணி அடிக்கும் துப்பாக்கிபோல விட்டுவிட்டுக் காற்றுக் கேட்கும் கருவிக்கு டேங்க் உதவும். விசையை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டும் கருவிக்கு பம்ப் தரும் காற்றுதான் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில கருவிகளின் பெட்டியில் 'சராசரி 4 சிஎஃப்எம்' என்று இருக்கும். நிமிடத்தில் கால் பங்கு நேரம் மட்டுமே ஓட்டுவதாக வைத்துப் போட்ட சராசரி அது. தொடர்ந்து ஓட்டினால் அதன் உண்மையான தேவை 16 வரை போகலாம். நல்ல கம்ப்ரசரோடு மல்லுக்கட்டி நொந்துபோன பலரும் இந்த ஒரு சொல்லில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன் கருவியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். மரத்தைத் தேய்க்க மின்சார சாண்டர் எடுத்தால் காற்றுப் பிரச்சினையே எழாது. பெயிண்ட் அடிப்பதானால், 8 முதல் 14 சிஎஃப்எம் கேட்கும் எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகைக்குப் பதிலாக, 3 முதல் 6 சிஎஃப்எம்மில் வேலை செய்யும் எல்விஎல்பி (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) வகை ஸ்ப்ரே கன் இருக்கிறது. வேகம் சற்றுக் குறையும். நாற்காலி, அலமாரி, கதவு அளவுக்கு அதுவே தாராளம்.

## அறிகுறி 2: டேங்கில் அழுத்தம் நிறைந்திருக்கிறது, கருவியில் பலமில்லை

டேங்கின் முள் 7 பாருக்கு மேலேயே நிற்கிறது, மோட்டாருக்கும் ஓய்வு கிடைக்கிறது, ஆனால் இம்பாக்ட் ரெஞ்ச் நட்டைக் கழற்ற மறுக்கிறது. காற்று இருக்கிறது, வந்து சேரவில்லை. இந்தக் குறைக்காகப் பெரிய கம்ப்ரசர் வாங்குவதைப்போல வீண் வேறில்லை.

'T' வடிவ இணைப்பு ஒன்றில் சிறிய அழுத்தமானியை மாட்டி, கருவியின் வாயிலுக்கு ஒட்டினாற்போல வையுங்கள். விசையை அழுத்தாதபோது அது என்ன காட்டுகிறது என்பது முக்கியமில்லை. அழுத்திப் பிடித்து ஓட்டும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 90 பிஎஸ்ஐயில் வைத்த ரெகுலேட்டர் (வெளியேறும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகு), ஓடும்போது கருவி வாயிலில் 60 காட்டினால் நடுவழியில் 30 தொலைந்திருக்கிறது. 10 வரை தொலைவது சகஜம். அதற்கு மேல் போனால் தேடுங்கள்.

தேடும் வரிசை இது: ரெகுலேட்டரை முழுவதும் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு இருக்கும் ஃபில்டர் கிண்ணத்தில் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு கப்ளர்கள், அதாவது ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்புகள். வழியில் நான்கு கப்ளர்கள் இருந்தால் நான்கு குறுகிய கழுத்துகள் இருக்கின்றன என்று பொருள். தேவையற்றதை எடுத்துவிட்டு ஹோஸை நேரடியாக இணையுங்கள். கடைசியில் ஹோஸ். சுருள் சுருளாக நீளும் பிளாஸ்டிக் ஹோஸின் உள் விட்டம் பல நேரம் 5 அல்லது 6 மி.மீ.தான். டயருக்குக் காற்றடிக்கவும் தூசி ஊதவும் அது போதும். இம்பாக்ட் ரெஞ்ச், ஸ்ப்ரே கன், சாண்டர் ஆகியவற்றுக்கு 10 மி.மீ. உள் விட்டம் உள்ள ரப்பர் ஹோஸ் வேண்டும். நான் பார்த்த ஒரு பட்டறையில் 15 மீட்டர் மெல்லிய சுருள் ஹோஸை எடுத்துவிட்டு 10 மி.மீ. ஹோஸை மாட்டியதும், அசைய மறுத்த வீல் நட்டு இரண்டே தட்டில் கழன்றது. புதிய கம்ப்ரசருக்காக அவர் எடுத்துவைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது.

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. எல்லாம் சரியாக இருந்தும் பலமில்லையானால் கருவிக்குள் காற்று தள்ளிச் சுழற்றும் தகடுகள் (வேன்கள்) தேய்ந்திருக்கலாம். அதே ஹோஸில் வேறொரு கருவியை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 3: யாரும் காற்றைத் தொடவில்லை, இயந்திரம் அடிக்கடி ஓடுகிறது

கசிவுதான். எங்கே, எவ்வளவு என்பதே கேள்வி.

டேங்கை நிரப்பி, பிளக்கைப் பிடுங்கி, வெளிவாயில் வால்வை மூடி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் அசையாவிட்டால் கசிவு ஹோஸ் பக்கம் இருக்கிறது. இறங்கியிருந்தால் டேங்க் பக்கம். பிறகு வால்வைத் திறந்துவிட்டு இதே சோதனையைச் செய்யுங்கள்.

எவ்வளவு என்பதையும் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் 8-இலிருந்து 6 பாருக்கு இறங்க 20 நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 5 லிட்டர் கசிகிறது. நேரம் கிடைக்கும்போது சரிசெய்யலாம். அதே இறக்கம் 2 நிமிடத்தில் நடந்தால் நிமிடத்துக்கு 50 லிட்டர் கசிகிறது. 150 லிட்டர் தரும் இயந்திரத்தின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு சும்மா காற்றோடு போகிறது. இப்படிக் கசியும் இயந்திரத்தின் உரிமையாளர்தான் 'கம்ப்ரசர் சிறியது' என்று முடிவுகட்டியிருப்பார்.

சோப்பு நீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். பெரிய குமிழி மட்டும் கசிவு அல்ல. மாவு நுரைபோலப் பொடிப்பொடியாக மெல்ல ஊறி எழும் வெள்ளை நுரையையும் காத்திருந்து கவனியுங்கள். நான் முதலில் தடவும் இடம் டிரெய்ன் காக். துருத்துகள் சிக்கி அது முழுவதும் மூடாமல் நிற்கும். இரண்டாவது இடம் கப்ளரின் உள் ஓ-ரிங். மறையுள்ள இணைப்பில் நுரைத்தால், காற்றை இறக்கிவிட்டுக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, டெஃப்லான் டேப்பை மறையின் திசையிலேயே மூன்று நான்கு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். அழுத்தம் இருக்கும்போது இறுக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

### பிரஷர் சுவிட்சுக்கு அடியில் சீறினால்

மோட்டார் நிற்கும் கணத்தில் 'புஸ்' என்று ஒரே ஒரு முறை காற்று வருவது இயல்பு. ஹெட்டில் சிக்கிய காற்றை அன்லோடர் வெளியேற்றும் ஓசை அது. மோட்டார் நின்ற பிறகும் சீறல் ஓயாமல் தொடர்ந்தால், டேங்கின் வாயிலில் காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் மூடவில்லை. டேங்கின் காற்று பின்வழியாக அன்லோடருக்கு வந்து வெளியேறுகிறது. காற்றை முழுவதும் இறக்கிவிட்டு வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வட்டில் கரியையும் துருவையும் துடைத்து மாட்டுங்கள். வட்டு பள்ளம் விழுந்திருந்தால் வால்வையே மாற்றுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் சீறினால் பிரச்சினை அன்லோடர் வால்வில். நான்-ரிட்டர்ன் வால்வின் சீறலைக் கேட்டு பிரஷர் சுவிட்சை மாற்றிவிட்டு, சீறல் நிற்கவில்லையே என்று வந்தவர்கள் நிறையப் பேர். எப்போது சீறுகிறது என்பதைக் கவனித்தாலே அந்தச் செலவு மிச்சம்.

## அறிகுறி 4: மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை; அல்லது எம்சிபி விழுந்துவிடுகிறது

முனகல் கேட்ட ஓரிரு வினாடிக்குள் அணைத்துவிடுங்கள். சுற்றாத மோட்டாரில் பாயும் மின்னோட்டம் வைண்டிங்கைப் பொசுக்கிவிடும்.

டேங்கில் காற்று இல்லாதபோது ஓடுகிறது, பாதி நிறைந்த டேங்கில் மறுபடி கிளம்ப மறுக்கிறது என்றால் அன்லோடர் அல்லது நான்-ரிட்டர்ன் வால்வ் கோளாறு. பிஸ்டன் தலைமேல் தேங்கிய அழுத்தத்தை எதிர்த்து மோட்டாரால் கிளம்ப முடியவில்லை. மேலே சொன்ன சிகிச்சையே இதற்கும்.

காலி டேங்கிலும் முனகினால் எக்ஸ்டென்ஷன் வயரைச் சந்தேகியுங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மெல்லிய நீண்ட வயரில் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். தூரம் போக வேண்டுமானால் வயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். வயர்தான் வேண்டும் என்றால் 2 எச்பி மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் குறையாமல் போடுங்கள். சுருளை முழுவதும் பிரித்து விரித்துவிட்டே பயன்படுத்துங்கள்.

நேரடிப் பிளக்கிலும் முனகினால் கெபாசிட்டர். உப்பியோ, பிசின் கசிந்தோ, கருகிய வாடையோடோ இருந்தால் சந்தேகமில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர் தொட வேண்டாம், மின்பணியாளரை அழையுங்கள். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் கடினமாகவும் பிறகு இலகுவாகவும் சுற்றினால் சரி. அசையவே மறுத்தால் பம்ப் இறுகிவிட்டது. கண்ணாடித் துளையில் எண்ணெய் மட்டம் பாருங்கள். வறண்டிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பம்ப் இறுகியிருந்தாலும் மோட்டாரிலிருந்து பொசுங்கிய வாடை வந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 5: பெயிண்டில் நீர்த்துளி, எண்ணெய்ப் புள்ளி

டேங்கை வடித்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் உங்களையே கேளுங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் வடிக்க வேண்டும். வடித்த பிறகும் நீர் வந்தால், ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டேங்கின் வாயிலிலேயே மாட்டியிருந்தால் அது பயன் தராது. அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்துபோய், ஹோஸில் குளிர்ந்து நீராகிறது. சில மீட்டர் உலோகக் குழாயில் காற்றை ஆறவிட்டு, அதன் பிறகு ஃபில்டரை மாட்டுங்கள். அந்தக் குழாய்க்குப் பிவிசி வேண்டவே வேண்டாம். அழுத்தம் தாங்காமல் உடையும்போது அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடினாலும் ஈரம் கூடும். டேங்கே சூடாகி, அதில் தங்க வேண்டிய நீர் வெளியே வரும். அப்படியானால் மூலக்காரணம் அறிகுறி 1-இல் இருக்கிறது.

எண்ணெய் வந்தால் மட்டம் மிகுந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரிங். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். கம்ப்ரசருக்கென்றே விற்கும் எண்ணெயையே ஊற்றுங்கள்.

## அறிகுறி 6: டேங்கில் ஈரக்கசிவு, துருக்கொப்புளம்

இதற்கு வீட்டில் செய்யும் சோதனை எதுவும் இல்லை. காற்றை இறக்கிவிட்டு, பயன்பாட்டை நிறுத்துங்கள். டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே ஊசிமுனைத் துளை தெரிகிறது என்றால் உள்ளே தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்க வழியில்லை. வெல்டு வைத்து அடைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மெலிந்த டேங்க் வெடித்தால் பட்டறையில் நிற்பவர் உயிர் பிழைப்பது அரிது. துருக்கொப்புளம் மட்டும் என்றால் அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் தகுதியுள்ளவரிடம் நீரழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள்; கசிவோ துளையோ இருந்தால் டேங்கைக் கழித்துவிடுங்கள். சேஃப்டி வால்வும் இப்படித்தான். வளையத்தை இழுத்தால் சீறி, விட்டால் மூட வேண்டும். சீறவில்லையானால் அதே அழுத்த அளவுள்ள புதிய வால்வை மாட்டும்வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள். ஒழுகுகிறதே என்று அந்த இடத்தைப் பிளக் போட்டு மூடிய இயந்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான், எந்தக் கம்ப்ரசர் வந்தாலும் முதலில் சேஃப்டி வால்வைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

## எல்லாம் பார்த்தாயிற்று, உண்மையிலேயே சிறியதுதான் என்றால்

உங்களிடம் உள்ளவற்றில் அதிகக் காற்றுக் கேட்கும் கருவி எது, அதைத் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றக் கருவிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிப்பார்.

டயர், தூசி ஊதுதல், ஆணித் துப்பாக்கி, ஏர் பிரஷ் என்ற அளவில் நின்றால் 1 எச்பி, 24 லிட்டர் போதும். அதற்குமேல் வாங்கினால் இடத்தை அடைப்பதும் இரைச்சலும்தான் மிச்சம். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச், எல்விஎல்பி ஸ்ப்ரே கன் இருந்தால் 2 எச்பி, 50 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். ரெஞ்ச் விட்டுவிட்டு ஓடுவதால் இங்கே டேங்க் கைகொடுக்கும். எச்விஎல்பி, சாண்டர், டை கிரைண்டர் தொடர்ந்து ஓட வேண்டுமானால், கருவியின் தொடர் தேவையை 1.5-ஆல் பெருக்குங்கள். 10 கேட்டால் 15 சிஎஃப்எம், அதுவும் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கையில் கிடைக்கும் அளவு. பிஸ்டன் கம்ப்ரசர் இடையிடையே நின்று ஆற வேண்டும் என்பதால் அந்தத் தாராளம் தேவை. ஏறத்தாழ 5 எச்பி ஆகிவிடும். வீட்டின் மின் இணைப்பு அதைத் தாங்குமா என்று, இயந்திரத்துக்குப் பணம் கட்டும் முன்பே மின்பணியாளரிடம் கேளுங்கள். மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலைக்கு இன்னும் பெரியது வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை செய்வதானால் வெளியே கொடுத்துச் செய்துகொள்வதே நல்லது.

இருக்கும் 2 எச்பி இயந்திரம் ஆரோக்கியமாக இருந்தால் அதை விற்க வேண்டாம். அதேபோல இன்னொன்றை வாங்கி, இரண்டையும் தனித்தனி மின்சுற்றில் செருகி, காற்றை ஒரே குழாயில் சேர்த்துவிட்டால் கிடைக்கும் காற்று இரட்டிப்பாகும். சின்ன வேலைக்கு ஒன்றை மட்டும் ஓட்டலாம். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது.

புதியதோ பழையதோ, வாங்கும் இடத்திலேயே டேங்கை வடிக்கச் சொல்லுங்கள். வடியும் நீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் குழம்புபோலத் துருவோடு வந்தால் அந்த டேங்க் வேண்டாம். பிறகு ஸ்டாப்வாட்சை எடுத்து 6-இலிருந்து 8 பார் வரை நேரம் குறித்து, அங்கேயே கணக்குப் போடுங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.